வளைவில் வீசும் வால்

களுவாஞ்சிகுடிப் பகுதியிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் நமக்குக் கடிதம் விடுத்துள்ளார். அவருடைய தமையனார் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, பழுது பார்த்து, ஓடச் செய்திருக்கிறாராம். இருவர் மாத்திரமே அமரக்கூடிய வண்டி. இயந்திரம் இருப்பது முன்னே. அதன் வலுவைப் பெற்று உருள்பவையோ பின்சில்லுகள். "நேர்த்தெருவில் சொற்கேட்டு நடக்கும் இவ்வண்டி, மழை நாளில் முடக்கிலே திரும்பும்போது மட்டும் தன் வாலை வெளியே வீசுகிறது. இதற்குக் காரணம் யாது? அதனை அடக்குவது எங்ஙனம்?" என்பது அவர் வினா.

கடிதத்தின் அடியில் வேறொரு கையெழுத்தில் ஒரு வரி காணப்பட்டது. "வண்டியை அடக்கும் வழியோடு, அதை ஓட்டும் பிள்ளையை அடக்கும் வழியையும் எழுதினால் புண்ணியமாகும்." இது தாயாரின் கையெழுத்து என்று ஊகிப்பதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

இரண்டு வினாக்களுக்கும் விடை ஒன்றே என்பது நமது கருத்து. அதனை இவ்வாரம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்போர் நம் நாட்டில் சிலரே. இப்பேச்சு நமக்கு எதற்கு என்று வாசகர் சிலர் பக்கத்தைப் புரட்டக்கூடும். பொறுத்தருள்க. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் முச்சக்கர வண்டி பின்சில்லால் ஓடுவது. மோட்டார் சைக்கிளும் அவ்வாறே. பஸ், லொறி, வயலுக்குச் செல்லும் உழவு இயந்திரம் ஆகியவற்றிலும் வலு செல்வது பெரும்பாலும் பின்சில்லுக்கே. நம் பெற்றோர் காலத்தில் ஊர்தோறும் ஓடிய மொரிஸ் மைனர் காரும் அத்தகையதே. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அக்காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் என்பாரே, 1959இல் முன்சில்லால் ஓடும் மினி என்னும் சிறு காரையும் வடிவமைத்தார். இக்காலத்துச் சிறிய குடும்பக் கார்கள் மிகப் பல அம்மினியின் வழிவந்தவை. ஆகவே, வீட்டில் முன்சில்லு வண்டியில் பழகிய ஒருவர், பின்சில்லு வண்டி ஒன்றில் ஏறும்போது, முன்பு பழகிய பழக்கமே அவருக்குப் பகையாதல் கூடும். அது எவ்வாறென்பதைப் பின்னர்க் காண்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைதல் வேண்டும். மாடு முன்னே நின்று வண்டியை இழுக்கிறது. பாரம் அடங்கிப் பின்தொடர்கிறது. பின்னேயிருந்து தள்ளினால் பாரம் பக்கவாட்டில் ஓடத்தானே செய்யும் என்று பலர் கூறுவர். கேட்பதற்கு இனிய உவமைதான். ஆயினும் உண்மைக் காரணம் அதுவன்று. காரணம் டயரின் பிடிப்பிலே அடங்கியிருக்கிறது.

ஒரு காரின் டயர் தெருவைத் தொடும் இடம் ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவினதே. அத்தகைய நான்கு உள்ளங்கைகளே வண்டியையும் அதனுள் இருக்கும் குடும்பத்தையும் தெருவோடு பிணைத்து வைத்திருக்கின்றன. அவ்வுள்ளங்கை மூன்று வேலைகளைச் செய்தாக வேண்டும்: வண்டியை முன்னே செலுத்துதல், நிறுத்துதல், வளைவில் பக்கவாட்டாகப் பற்றிக் கொள்ளுதல். இம்மூன்றுக்கும் தனித்தனிச் சேமிப்பு இல்லை. ஒரே பெட்டியிலிருந்துதான் எடுத்துச் செலவிட வேண்டும். மாதச் சம்பளத்தை ஒரே செலவுக்குக் கொட்டிவிட்டு, மற்றதற்குக் கைவிரிக்கும் குடும்பத்தலைவரை நாம் அறிவோம் அல்லவா? டயரும் அந்நிலைக்கு ஆளாவதுண்டு.

இக்கணக்கை மாணவர்கள் பைதகரசின் தேற்றத்தால் எளிதில் போட்டுப் பார்க்கலாம். டயரின் முழுப் பிடிப்பு 100 என்க. முன்செலுத்தும் விசை ஒரு பக்கம், பக்கவாட்டு விசை அதற்குச் செங்குத்தான மறுபக்கம், முழுப்பிடிப்பே கர்ணம். முன்செலுத்துவதற்கு 60 செலவானால் வளைவுக்கு 80 எஞ்சும். முன்செலுத்துவதற்கு 80 செலவானால் வளைவுக்கு 60தான் எஞ்சும். முழு 100ஐயும் முன்செலுத்துவதற்கே கொடுத்துவிட்டால், வளைவுக்கு எஞ்சுவது பூச்சியம். வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்கும் இளைஞர் செய்வது இதைத்தான். பின்சில்லு நின்ற இடத்தில் சுழலத் தொடங்கிய கணமே, பக்கவாட்டில் பற்றும் வலுவை இழக்கிறது. முன்சில்லுகளோ பிடிப்போடு வளைகின்றன. முன்பகுதி உள்ளே திரும்ப, பின்பகுதி வெளியே ஓடுகிறது. மாணவர் குறிப்பிட்ட வால்வீச்சு இதுவே.

இனி, வளைவு எவ்வளவு பிடிப்பைக் கேட்கிறது என்பதையும் பார்ப்போம். வேகம் இரட்டித்தால் வளைவு கேட்கும் விசை இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. 50 மீற்றர் ஆரையுள்ள ஒரு வளைவையும், 1000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு காரையும் எடுத்துக்கொள்வோம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வளைவு கேட்பது ஏறத்தாழ 250 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை. 60 கிலோமீற்றரில் அது ஏறத்தாழ 570. 70 கிலோமீற்றரில் 770. டயர் கொடுக்கக்கூடியது எவ்வளவு? காய்ந்த தார்த்தெருவில் நல்ல டயர் 700 முதல் 800 வரை கொடுக்கும். மழையில் நனைந்த தெருவில் அது 400, 500 என இறங்கிவிடும். தார்மேல் மணல் பரவியிருந்தால் இன்னும் குறையும். ஆகவே, வெயில் நாளில் 60 கிலோமீற்றரில் இன்பமாகத் திரும்பிய அதே முடக்கிலே, மாரி காலத்தில் அதே 60இல் திரும்ப முனைபவர், இல்லாத பணத்துக்குக் காசோலை எழுதுபவர் ஆகிறார்.

மட்டக்களப்பு நாட்டின் தெருக்களை அறிந்தவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி படுத்திருக்க, அதன் கிழக்கே எழுவான்கரையும் மேற்கே படுவான்கரையும் அமைந்துள்ளன. மலையில்லா நாடு, தெருக்கள் பெரும்பாலும் நேரானவை. நேர்த்தெரு வேகத்தைத் தூண்டுகிறது. பின் பாலத்தின் அருகிலோ, குளக்கட்டின் ஓரத்திலோ, கோயில் மதிலின் பக்கத்திலோ எதிர்பாராமல் ஒரு முடக்கு வருகிறது. எழுவான்கரைத் தெருக்களில் கடற்காற்று மணலைக் கொண்டுவந்து தூவுகிறது. படுவான்கரையில் வயலிலிருந்து ஏறும் உழவு இயந்திரம் சேற்றைத் தெருவில் இட்டுச் செல்கிறது. வெட்டுக் காலத்தில் தெருவோரத்தில் நெல் காய்கிறது. நீண்ட வெயிலின் பின்னர் விழும் முதல் மழையோ, தெருவில் படிந்த எண்ணெயையும் தூசியையும் கூழாக்கி வழுக்கச் செய்கிறது.

இன்னொன்றையும் சிந்திக்க வேண்டும். மண்முனைத் துறையில் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டில். அதற்கு முன்னர் படகுப் பாதையே வண்டிகளையும் மக்களையும் அக்கரை சேர்த்தது. கல்லடியில் 1924இல் அமைந்த ஒடுக்கமான லேடி மானிங் பாலத்துக்குத் துணையாக 2013இல் அகன்ற புதிய பாலம் எழுந்தது. இவை மக்களுக்குப் பெரும் பேறு. நோயாளி விரைந்து வைத்தியசாலை சேர்கிறார், மாணவர் நேரத்துக்குப் பள்ளி சேர்கிறார். ஆயினும் படகுப் பாதை எல்லாரையும் நின்று காத்திருக்கச் செய்தது. ஒடுக்கப் பாலம் எல்லாரையும் தயங்கச் செய்தது. புதிய பாலங்கள் எவரையும் தயங்கச் செய்வதில்லை. முன்பு துறையும் பாலமும் நமக்குக் கற்பித்த பொறுமையை, இன்று சாரதி தாமாகவே கைக்கொள்ள வேண்டியவராகிறார்.

மீண்டும் வண்டிக்கு வருவோம். ஆக்சிலரேட்டரை மிகுதியாக மிதிப்பது மட்டுமே வால்வீச்சுக்குக் காரணமன்று. அதற்கு நேர்மாறான செயலும் அதே தீமையை விளைவிக்கும். வளைவினுள் வேகமாகப் புகுந்துவிட்டோமே என்று அஞ்சிக் காலைச் சட்டென்று எடுத்தாலும், பிரேக்கை மிதித்தாலும், வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. பஸ் திடீரென நிற்கும்போது நாம் முன்னே சாய்வதை ஒப்ப நினைத்துக் கொள்க. பாரம் முன்னே சென்றால் பின்சில்லின் மேல் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிடிப்பும் குறையும். வளைவு கேட்கும் விசையோ குறையவில்லை. வால் வெளியே ஓடுகிறது.

பழக்கம் பகையாவது இவ்விடத்தில்தான். முன்சில்லு வண்டியில் வேகம் மிகுந்தால், பெரும்பாலும் முன்பகுதியே வழுக்கி வண்டி அகலமாக ஓடும். காலை எடுத்தால் முன்சில்லு மீண்டும் பற்றிக்கொண்டு வண்டி வழிக்கு வரும். அப்பழக்கத்தோடு பின்சில்லு வண்டியின் வளைவு நடுவே காலைச் சட்டென எடுப்பவர், மருந்தென்று எண்ணி நஞ்சை ஊட்டுகிறார்.

ஆகவே, முடக்கிலே திரும்பும் முறைக்கு மூன்று படிகள் உண்டு. முதலாவது, வளைவுக்கு முன்னே. பிரேக் பிடிக்கும் வேலையும் கியர் குறைக்கும் வேலையும் வண்டி நேராக நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். டயரின் பெட்டி அப்பொழுது நிறைந்திருக்கிறது. வளைவு இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாவது, வளைவினுள்ளே. ஆக்சிலரேட்டரில் கால் மெத்தென்று பதிந்து, வேகம் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும். அப்பொழுது பாரம் முன்னும் பின்னும் அலையாது. ஸ்டியரிங்கை ஒரே சீராகத் திருப்ப வேண்டும், பறித்துத் திருப்பலாகாது. மூன்றாவது, வளைவின் முடிவிலே. முன்னே உள்ள தெரு கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்து, ஸ்டியரிங்கை நேராக்க நேராக்க, அதே அளவுக்குக் காலையும் மெல்ல அழுத்தலாம். வளைவு திருப்பித் தரும் பிடிப்பை மட்டுமே வேகத்துக்குச் செலவிடும் முறை இது.

இத்தனைக்கும் பின்னரும் வால் ஓடிவிட்டால்? அஞ்சி முழுக் காலையும் எடுக்க வேண்டாம். பிரேக்கைத் தொடவே வேண்டாம். பின்சில்லு சுழல்வதனால் வால் ஓடிற்றாயின், காலை மெல்லத் தளர்த்துக. பின்பகுதி எப்பக்கம் ஓடுகிறதோ, அப்பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்புக. வால் இடப்புறம் சென்றால் இடப்புறம். வலப்புறம் சென்றால் வலப்புறம். கண்ணை மரத்திலும் மதிலிலும் வையாது, போக வேண்டிய தெருவில் வைத்தால், கைகள் தாமாகவே அவ்வாறு திரும்பும். பின்சில்லு மீண்டும் பற்றிய கணமே ஸ்டியரிங்கை நேராக்க வேண்டும். தாமதித்தால் வண்டி மறுபக்கம் வீசும்; அவ்விரண்டாம் வீச்சு முதல் வீச்சினும் கொடியது. பலர் முதல் வீச்சில் தப்பி, இரண்டாவதில் வீழ்கின்றனர்.

இது எழுதுவதற்கு எளிது. செய்வதற்குக் கணப்பொழுதே கிடைக்கும். இடது பக்கமாக ஓட்டும் நம் நாட்டில், இடப்பக்க வளைவில் வால் ஓடினால் அது எதிரே வருபவர் தடத்தில் சென்று விழும். வலப்பக்க வளைவிலோ, அது வாய்க்காலையோ வாவியையோ நோக்கி ஓடும். இரண்டும் பயிற்சி பெறுவதற்கு உரிய இடங்கள் அல்ல.

பந்தயத் திடலில் இதே வால்வீச்சைக் கலையாக்கிய பெருமக்கள் உண்டு. ஆர்ஜென்டீனா நாட்டின் ஹுவான் மானுவேல் பாஞ்சியோ, 1957இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் திடலில், பின்சில்லால் ஓடும் மசராட்டி காரில், பின்தங்கிய நிலையிலிருந்து இரண்டு பெராரி கார்களையும் முந்தி வென்றதை இன்றும் போற்றுவர். நான்கு சில்லும் அளவோடு வழுக்க, ஆக்சிலரேட்டராலேயே வண்டியின் திசையைத் திருத்தும் வித்தை அவர்க்குக் கைவந்திருந்தது. நம் தமிழர்களும் இத்துறைக்குப் புதியவரல்லர். சென்னைக்கு அருகே சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்திலே பல்லாண்டுகள் கார்ப் பந்தயம் நடந்தது. பின்னர் இருங்காட்டுக்கோட்டையில் அதற்கென்றே திடல் அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணியின் காரில் ஏறி, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அக்கார்களும் பின்சில்லால் ஓடுபவையே. இலங்கையிலும் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி புகழ் பெற்றது.

ஆனால் அவ்விடங்களில் எதிரே பஸ் வருவதில்லை, சைக்கிளில் பள்ளிப் பிள்ளை குறுக்கிடுவதில்லை, மாடு படுத்திருப்பதில்லை. தவறினால் ஓடி நிற்பதற்கு வெளி உண்டு, தலைக்கவசம் உண்டு, வைத்தியர் உண்டு. திறமை வாய்ந்தோர் அங்கே வழுக்குகின்றனர். அவர்களே ஊர்த் தெருவில் அடங்கி ஓட்டுகின்றனர். தமையனாருக்கு வால்வீச்சைப் பழக ஆசையிருப்பின், அதற்குரிய மூடிய திடலில், தெரிந்த ஒருவர் அருகிருக்கப் பழகுக. இரவில் வெறிச்சோடிய தெருவும் பொதுத் தெருவேயாகும்.

அறிவியலும் துணைக்கு வந்துள்ளது. வண்டி தடுமாறுவதை உணர்ந்து, தேவையான ஒரு சில்லுக்கு மட்டும் தானே பிரேக் பிடித்து நேராக்கும் மின்னணுக் கருவி 1995 முதல் கார்களில் இடம்பெறத் தொடங்கிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் அது கட்டாயமாயிற்று. எனினும் கருவி உள்ள பிடிப்பைப் பங்கிட்டுக் கொடுக்குமேயன்றி, இல்லாத பிடிப்பை உண்டாக்காது. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் அக்கருவியும் இராது. அங்கே சாரதியின் காலே கருவி.

முச்சக்கர வண்டிக்கு ஒரு தனிச் சொல். அது வழுக்குவதற்கு முன் கவிழ்ந்துவிடக் கூடியது. முன்னே ஒரே சில்லு, உயரமோ மிகுதி. வளைவினுள் பிரேக் பிடித்தால், பாரம் தாங்குவாரற்ற முன்மூலையை நோக்கிச் சாய்கிறது. அவ்வண்டிக்கு நம் நாட்டுச் சட்டம் 40 கிலோமீற்றர் என்று எல்லை வகுத்தது வெறும் பிடிவாதத்தால் அன்று. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் அறிக: வழுக்கிய பின்சில்லு திடீரெனப் பற்றிக்கொண்டால், வண்டி ஓட்டுபவரையே தூக்கி எறியும்.

செலவு குறைந்த காப்பு ஒன்றும் சொல்லி வைப்போம். இரண்டு டயர்களை மட்டும் புதிதாக வாங்க வசதியிருப்பின், அவற்றை முன்னே போடுவதே பலர் வழக்கம். நல்ல டயர் பின்னே இருப்பதுதான் வால் அடங்குவதற்கு உதவும். பல நாட்டுச் சட்டங்கள் கோரும் மிகக் குறைந்த பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீற்றர், நம் மாரிக்கு அவ்வளவு தேயும்வரை காத்திருத்தல் அறிவுடைமையன்று.

இப்பொழுது தாயாரின் வரிக்கு வருவோம். அம்மா, தங்கள் பிள்ளையை அடக்க வேண்டியதில்லை. அவர் பழைய வண்டியொன்றுக்கு உயிரூட்டிய கைத்திறன் உடையவர்; அத்தகையவர்க்குத் தடையைவிடக் காரணமே விளங்கும். சட்டென மிதித்தாலும் வால் வீசும். சட்டென விட்டாலும் வால் வீசும். வண்டிக்கு உகந்த மெத்தென்ற கால்தான் வீட்டுக்கும் உகந்தது. ஒரு மாரி நாளில், வேலையில்லாத வேளை பார்த்து, அவரோடு தாங்களும் வண்டியில் ஏறி அமருங்கள். மடியில் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். பட்டிருப்புப் பாலம்வரை சென்று திரும்பும்போது செம்பில் தண்ணீர் குறையாதிருந்தால், பிள்ளை பின்சில்லை அடக்கக் கற்றுவிட்டார் என்று கொள்க. சிந்தியிருந்தால், நனைந்த சேலையே அவருக்கு அன்றைய பாடம். அதற்குமேல் தாங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியிராது.